மடங்கிய விரலை இழுத்து நிமிர்த்தாதீர்கள்

மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிய நிலையில் நோயாளிகள் எங்களிடம் வருகிறார்கள். மடங்க ஆரம்பித்து நான்கைந்து வருடம் ஓடியிருக்கும். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: எண்ணெய் தேய்த்து நீவினோம், காலையும் மாலையும் இழுத்துவிட்டோம், ராத்திரி அட்டை வைத்துக் கட்டினோம். இந்த வாரமும் அப்படி ஒருவர். இழுத்த இழுப்பில் நடு மூட்டு வீங்கி, தொடவிடாத வலி. விரல் மட்டும் துளிகூட நிமிரவில்லை.

எல்லோரும் சொல்லும் காரணம், "நரம்பு இழுத்துக்கிச்சு." நரம்பு விரலை இழுக்காது. உணர்வையும் கட்டளையையும் கடத்துவதுதான் அதன் வேலை. இழுக்கும் வலு அதற்குக் கிடையாது. உள்ளங்கையில் நீளவாக்கில் தட்டுப்படும் பட்டையைக் காட்டி, "இதோ தெரியுதே" என்பார்கள். அது நரம்பு அல்ல. விரலை மடக்கும் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) அல்ல. விரலை அசைத்தால் தசைநாண் தோலுக்கடியில் வழுக்கி ஓடும். இந்தப் பட்டை ஓடாது, தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாரிஸில் அறுவை மருத்துவர் கியோம் டுப்யூட்ரன் 1831-ல் விளக்கிக் காட்டியது இதைத்தான்: கோளாறு தசைநாணில் இல்லை, தோலுக்கும் தசைநாணுக்கும் நடுவே விரிந்திருக்கும் உள்ளங்கைச் சவ்வில் இருக்கிறது. அவர் பெயரால்தான் இந்த நோயை டுப்யூட்ரன் காண்ட்ராக்சர் (சுருங்கி இறுகுதல்) என்கிறோம். இருநூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் நரம்பை நீவிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சவ்வில் முதலில் சிறு கட்டி வரும், பக்கத்தில் தோல் குழியும். பிறகு பட்டை. அதிலுள்ள செல்களுக்குத் தசைபோலச் சுருங்கும் தன்மை உண்டு. கொஞ்சம் சுருங்கும், சுருங்கிய அளவிலேயே புதுக் கொலாஜனை (நார்ப் புரதம்) இட்டுப் பூட்டும், மறுபடி சுருங்கும். எண்ணெய் அங்கே போய்ச் சேராது. கையால் இழுத்தால் பட்டை நீளாது, பாரம் முழுக்க மூட்டின்மேல் விழும். சூட்டு ஒத்தடத்துக்கும் பலன் இல்லை. சர்க்கரை நோயால் கை மரத்தவர்களுக்கோ சுட்டுக் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது.

மடங்கிய விரல் எல்லாமே இந்த நோய் என்றும் நினைக்க வேண்டாம். மற்றக் கையால் விரலை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். டக்கென்று விடுபட்டு நிமிர்ந்தால் அது ட்ரிக்கர் ஃபிங்கர். தசைநாண் நுழையும் வளையம் தடித்திருக்கிறது. காலையில் அதிகம் மாட்டும். ஸ்பிளிண்ட்டிலோ (விரலை அசையாமல் பிடிக்கும் கட்டை) ஒரு ஸ்டீராய்டு ஊசியிலோ பலருக்குச் சரியாகிவிடும். மணிக்கட்டை மடக்கினால் விரல் நிமிர்கிறது, மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல் மடங்குகிறது என்றால் முன்கைத் தசையோ தசைநாணோ குறுகியிருக்கிறது. டுப்யூட்ரனில் மணிக்கட்டை எப்படி வைத்தாலும் மடங்கல் மாறாது. அடி மூட்டு (விரல் உள்ளங்கையோடு சேரும் இடம்) பின்னுக்கு வளைந்து, நடு மூட்டு மடங்கி, சுண்டு விரலும் மரத்திருந்தால் முழங்கை வழியாகச் சுண்டு விரலுக்கு வரும் அல்நார் நரம்பு பழுதாகியிருக்கலாம். உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழுநோயும் கையை இப்படி மடக்கும், அதில் ஒரு வாரம்கூடக் கடத்தக் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் இறுகும் கைக்கு நிதானமான நீட்சிப் பயிற்சி தேவைதான். அங்கே செய்வதைப் பார்த்துவிட்டு இங்கேயும் செய்வதால்தான் பாதி வினை.

டுப்யூட்ரன்தான் என்று உறுதியானால் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து படிந்தால் காத்திருக்கலாம். வலியில்லாத கட்டியை வெட்டச் சொல்லி அவசரப்பட வேண்டாம். பலருக்கு அது வருடக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கையை ஒரே மாதிரி வைத்து, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். படியாமல் விரல் தூக்கிக்கொண்டு நின்றால் கை அறுவை மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அடி மூட்டு 30 டிகிரி மடங்கும்வரை பொதுவாகப் பொறுக்கலாம். நடு மூட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கொஞ்சம் மடங்கினாலும் போய்க் காட்டுங்கள்.

தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். அடி மூட்டு மடங்கியிருக்கும்போது அதன் பக்கவாட்டு நார்கள் விறைப்பாக, நீண்டேதான் இருக்கும். அதனால் தாமதமாகப் பட்டையை எடுத்தாலும் மூட்டு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நடு மூட்டு நேர்மாறு. மடங்கியே கிடந்தால் அதன் நார்களும் முன்பக்கத் தடுப்புத் தட்டும் குறுகி இறுகிவிடும். பிறகு பட்டையை முழுதாக எடுத்தாலும் மூட்டே விடாது. "முழுசா மடங்கட்டும், ஒரேயடியா ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் சுண்டு விரலின் நடு மூட்டைத்தான் பறிகொடுக்கிறார்கள்.

சிகிச்சை முக்கியமாக இரண்டு. மரக்கச் செய்து ஊசிமுனையால் பட்டையை ஆங்காங்கே அறுத்துவிடுவது ஒன்று; சில நாளில் கை வேலைக்குத் திரும்பும், ஆனால் மடங்கல் சீக்கிரம் திரும்பலாம். நோயுற்ற சவ்வைத் திறந்து எடுப்பது இன்னொன்று. ஆற வாரங்கள் ஆகும், பலன் கூடுதல் காலம் நிற்கும். இரண்டுமே நோயை வேரோடு எடுப்பதில்லை. ஐம்பது வயதுக்குள் தொடங்கியவர்கள், இரண்டு கையிலும் உள்ளவர்கள், குடும்பத்தில் இருப்பவர்கள், பாதத்தின் அடியிலோ விரல் முட்டிகளின் மேலோ கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு உண்மையிலேயே கவலைக்குரியதாவது இந்தக் கட்டத்தில்தான். பட்டை சில சமயம் விரல் நரம்பைச் சுற்றிக்கொண்டு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து நடுப்பக்கம் தோலையொட்டி இழுத்து வைத்திருக்கும். பழக்கமில்லாத கை வெட்டினால் விரல்நுனி நிரந்தரமாக மரத்துவிடும். அதனால்தான் கை அறுவையில் தேர்ந்தவரிடம் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்திருங்கள். தொங்கவிட்டால் வீங்கும், வீங்கினால் இறுகும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து விரலை நீட்டவும் வேண்டும், மடக்கவும் வேண்டும். நிமிர்ந்த விரல் மறுபடி மடங்கிவிடுமோ என்று பயந்து மடக்காமலே வைத்திருந்து, கைமுட்டியை இறுக்க முடியாமல் போனவர்கள் உண்டு. தையல் பிரிப்பது சுமார் இரண்டு வாரத்தில். புண் முழுதாக மூடிய பின் தழும்பில் வாசனையில்லாத கிரீம் வைத்து நீவலாம். நீவுவதற்கு இந்த நோயில் உள்ள ஒரே இடம் இதுதான். இரவு ஸ்பிளிண்ட் எல்லோருக்கும் தேவையில்லை, நிமிர்ந்த விரல் மீண்டும் தாழத் தொடங்கினால் போடச் சொல்வோம். விரல்நுனி வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாள் ஆக ஆகக் குறைய வேண்டிய வலி எரிச்சலாக மாறி, தோல் பளபளத்து, கை முழுக்க வீங்கினாலும் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

புகைப்பதையும் குடிப்பதையும் நிறுத்துங்கள். வலிப்பு மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு என்று எங்கோ படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

விரல் மடங்கியே இருக்கும் காலத்துக்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகும். தினமும் கழுவி, மெல்லிய துணியை மடிப்புக்குள் நுழைத்து ஈரம் ஒற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், நீண்டால் உள்ளங்கையில் பதியும். முகம் கழுவ அந்தக் கையைத் தவிர்த்துத் துணியைப் பயன்படுத்துங்கள், மடங்கிய விரல் கண்ணில் குத்தும். கருவிகளின் கைப்பிடியில் நுரைக் குழாய் மாட்டித் தடிமனாக்கினால் பிடி நழுவாது. மோதிர விரலில் மோதிரம் இருந்தால் இன்றே கழற்றி வையுங்கள். நடு மூட்டு மடங்கி வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.