குருத்து பிழைத்தால் செடி பிழைக்கும்

குளிர்ப் பிரதேசங்களில் வாழை, செம்பருத்தி, கல்வாழை என்று ஆசை ஆசையாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் கவனிக்கிறார்கள்: பூஜ்யம். இன்று இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகுதான் தொட்டிகளை அவசர அவசரமாக உள்ளே தூக்கி வைக்கிறார்கள். பல செடிகளுக்கு அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். வெப்பமண்டலத்தில் பிறந்த செடிக்குக் குளிரின் பாதிப்பு 10, 12 டிகிரி செல்சியஸிலேயே தொடங்கிவிடுகிறது. திருநீற்றுப்பச்சிலை 10 டிகிரிக்குக் கீழே ஓரிரு இரவுகள் நின்றாலே இலை கறுத்துவிடும். குளிர்பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பதும் இதே கோளாறுதான். அங்கே எதுவும் உறையவில்லை, ஆனாலும் செல்கள் சேதமாகிவிட்டன.

காரணம் செல்லின் சவ்வில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்கிற புரதங்கள் இந்தப் படலத்தில்தான் மிதக்கின்றன. படலம் இளக்கமாக இருக்கும்வரை அவை வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் குளிர் நாளில் கட்டியாகிவிடுகிறது, நல்லெண்ணெய் அப்படியே ஓடுகிறது. முதலாவதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், இரண்டாவதில் நிறைவுறாத கொழுப்பு அதிகம் என்பதுதான் வித்தியாசம். செடிகளின் சவ்விலும் இதே கணக்குதான். குளிர் நாட்டுச் செடிகளின் சவ்வில் நிறைவுறாத கொழுப்பு தாராளமாக இருப்பதால் அது குளிரிலும் இளக்கமாக நிற்கிறது. வெப்பமண்டலச் செடியின் சவ்வு அங்கங்கே விறைத்துப் போய், இடுக்குகள் வழியாக உப்புகள் வெளியே கசிகின்றன. இந்தச் சேதம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். செடி மறுபடி வெதுவெதுப்புக்கு வந்து ஓரிரு நாள் கழித்துத்தான் இலையில் நீர் கோத்த புள்ளிகளும் கறுப்பும் தோன்றும். உள்ளே கொண்டுவந்த பிறகு வாடியதால், வீட்டுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பழி வெளியே கழிந்த அந்த இரவுடையது.

குளிரோடு வெயிலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இலையின் பச்சையம் எந்தக் குளிரிலும் ஒளியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஆற்றலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும் நொதிகள் குளிரில் மந்தமாகிவிடும். செலவழிக்க வழியில்லாத ஆற்றல், செல்லைச் சிதைக்கிற ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி இலையை உள்ளிருந்தே வெளுக்க வைக்கிறது. அதனால் நல்ல குளிர் இரவுக்குப் பின் வரும் பளிச்சென்ற காலை, இத்தகைய செடிகளுக்கு ஆபத்தான நேரம்.

சரி, உண்மையான உறைபனி வந்தால் என்ன ஆகிறது? தண்ணீர் பனிக்கட்டியாகும்போது விரிகிறது, அதனால் செல்கள் வெடித்துச் சாகின்றன என்பது பரவலான எண்ணம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. செல்லுக்குள் இருப்பது சர்க்கரையும் உப்பும் கரைந்த நீர். அது எளிதில் உறையாது. செல்களுக்கு இடையில் உள்ள நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். பனிக்கட்டி முதலில் அங்கேதான் பிடிக்கிறது. அப்படிப் பிடித்த பனிக்கட்டி பக்கத்துச் செல்லிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். வெப்பநிலை இறங்க இறங்க இழுப்பு கூடும். செல் கடும் வறட்சியில் அகப்பட்டது மாதிரி சுருங்கிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. கம்பு, நெல் போன்ற புல்லினத்தைச் சேர்ந்த ரை பயிரின் செல்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தபோது தெரியவந்தது இது. குளிருக்குப் பழகாத செல் சுருங்கும்போது, மிஞ்சிப்போன சவ்வு சின்னச் சின்னக் குமிழிகளாக உள்பக்கம் அறுந்து போய்விடுகிறது. பனி உருகித் தண்ணீர் திரும்பி வரும்போது செல் பழைய அளவுக்கு ஊத வேண்டும். ஆனால் அதற்கான சவ்வு கைவசம் இல்லை. அப்போதுதான் அது கிழிகிறது. அதாவது அந்தச் செல் சாவது உறைந்த நேரத்தில்கூட இல்லை, உருகும் நேரத்தில். குளிருக்குப் பழகிய செல்லிலோ மிஞ்சிய சவ்வு அறுந்து போகாமல், வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு சவ்வோடு ஒட்டியே நிற்கிறது. தண்ணீர் வந்ததும் செல் அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. உறைபனி பட்ட இலை விடியலில் விறைப்பாக, நன்றாகவே இருப்பதுபோல் தெரிந்து, வெயில் ஏறியதும் வேகவைத்த கீரையாகத் துவண்டுவிடுவது இதனால்தான்.

குளிருக்குப் பழகுவது என்பது குளிர் நாட்டுச் செடிகளின் மரபணுவிலேயே எழுதப்பட்ட திறமை. ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியை 4 டிகிரியில் வைத்தால், 15 நிமிடத்துக்குள் அதன் குளிர்க்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. தொடர்ந்து சவ்வின் கொழுப்பு மாறுகிறது, சர்க்கரை சேர்கிறது, செல்லைக் காக்கும் புரதங்கள் உருவாகின்றன. வெப்ப நாட்டைச் சேர்ந்த தக்காளியிலும் அந்த மரபணுக்களின் உறவுகள் உண்டு. ஆனால் அவை முடுக்கிவிடும் வேலைகளின் பட்டியல் மிகச் சிறியது. ஆகவே வெப்பமண்டலச் செடி தானாகக் குளிருக்குத் தயாராகாது. அதன் சார்பில் நாம்தான் தயாராக வேண்டும்.

அந்தத் தயாரிப்பை நான் எப்போதும் ஒரே கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்: இந்தச் செடியின் குருத்து எங்கே இருக்கிறது? இலை போனால் வரும், தண்டு போனாலும் பல செடிகளில் வரும். குருத்து போனால் எல்லாம் போச்சு. எதைப் பொத்தி வைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

வாழையை எடுத்துக்கொள்வோம். மரம் மாதிரி நிற்கிற அந்தத் தண்டு தண்டே இல்லை. ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட இலை மட்டைகளின் கட்டு. உண்மையான தண்டு மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கு. குலை தள்ளும் காலம் வரும்வரை குருத்தும் கிழங்கின் தலைப்பகுதியில், மண்மட்டத்தை ஒட்டியே இருக்கும். அதனால் உறைபனியில் இலைகள் எல்லாம் கருகித் தொங்கினாலும் வாழை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முசா பாஸ்ஜூ என்ற வாழையினம் குளிர் நாடுகளில் வெளியிலேயே வளர்வது இந்த அமைப்பின் தயவால்தான். அதன் பழம் தின்ன உதவாது, இலை அழகுக்காக வளர்க்கிறார்கள். இலையுதிர்காலக் கடைசியில் இலைகளைக் கழித்து, தண்டை இடுப்பளவுக்கு வெட்டி, சுற்றிலும் கம்பிவலை வளையம் போட்டு அதற்குள் வைக்கோலையோ காய்ந்த சருகையோ நிரப்புவார்கள். மேலே மழைநீர் இறங்காதபடி ஒரு மூடி. சாதாரணப் பழ வாழை இவ்வளவு குளிரைத் தாங்காது. அதைக் கிழங்கோடு தோண்டி, இலையைக் கழித்து, உறையாத ஓர் அறையில் படுக்க வைத்துவிடலாம்.

பனை, ஈச்சை வகைகளில் கதை தலைகீழ். மரத்துக்கு ஒரே குருத்து, அதுவும் உச்சியில். அது அழுகினால் மரம் முடிந்தது. குளிர் தாங்கும் டிராகிகார்பஸ் பனையைக்கூட, ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, உச்சியில் தண்ணீர் தேங்காதபடி வைக்க வேண்டும்.

செம்பருத்தி, காகிதப்பூ மாதிரியான மரத்தண்டுச் செடிகளில் கணுவுக்குக் கணு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். அதனால் தாராளமாகக் கவாத்து செய்து, பாதி உயரத்துக்குக் குறைத்து உள்ளே கொண்டுவரலாம்.

கிழங்குச் செடிகளில் குருத்து ஏற்கெனவே மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, தோண்டி எடுத்து வைத்தால் போதும். ஆனால் டாலியாவில் ஒரு சூட்சுமம் உண்டு. கிழங்கின் உடம்பில் எங்கும் முளைக்கண் கிடையாது. கிழங்கின் கழுத்து பழைய தண்டோடு சேரும் இடத்தில் மட்டும்தான் இருக்கும். பிரிக்கும்போது கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் முளைக்காது. முதல் லேசான உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, தோட்ட முள்கரண்டியால் சுற்றிலும் தள்ளித் தோண்டி, நிழலில் ஈரம் உலர்த்தி, லேசாக ஈரமுள்ள மணலிலோ மரத்தூளிலோ புதைத்து வையுங்கள். டாலியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பகுதி. 4 முதல் 10 டிகிரி வரை அதற்குச் சுகம். கல்வாழைக்கும் ஏறக்குறைய அதே அளவு. வண்ண இலைக் கலாடியத்தை அந்தக் குளிரில் வைத்தால் அழுகிவிடும், அதற்கு 15 டிகிரிக்குக் குறையக் கூடாது. எல்லாக் கிழங்கையும் ஒரே பெட்டியில் போட்டு வைப்பதில்தான் நிறைய இழப்பு நேர்கிறது.

வெளியில் விடுகிற செடிக்கு மூடாக்கு ஏன் வேலை செய்கிறது என்றால், வைக்கோலுக்குள் அடைபட்ட அசையாத காற்றினால். வைக்கோல் நனைந்துவிட்டால் பயனில்லை. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேலே மூடி போடச் சொன்னதன் காரணம் இதுதான். மண்ணும் கோடைச் சூட்டைச் சேமித்து வைத்து இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுகிறது. ஆகவே செடிமேல் துணி போர்த்தும்போது துணியின் ஓரம் தரையைத் தொட வேண்டும். துணியைத் தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால் தரையின் சூடு செடிக்குப் போய்ச் சேராது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வானிலை அறிக்கை 2 டிகிரி என்று சொன்ன இரவிலும் இலைமேல் பனி பூப்பது அதனால்தான்.

தொட்டிச் செடிக்கு இந்தத் தரைச்சூடு கிடைக்காது. நாலாபுறமும் காற்று. தண்டைவிட வேர் குளிருக்கு இன்னும் பலவீனமானது என்பதால், தொட்டிகள்தான் முதலில் உள்ளே வர வேண்டும். இரவு 12 டிகிரியைத் தொடத் தொடங்கியதும் கொண்டுவந்துவிடுவது நல்லது. அதற்கு முன் இரண்டு வாரம் வெளியிலேயே நிழலில் வைத்துப் பழக்குங்கள். இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இருக்கின்றனவா என்று பார்த்து நன்றாகக் கழுவுங்கள். வெளியே அவற்றைத் தின்று அடக்கிய எதிரிகள் உள்ளே இருக்க மாட்டார்கள்.

அப்புறம், வீட்டுக்குள் வந்த செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான்: சூடான அறையும் நிறையத் தண்ணீரும். முழு வெயிலில் சுமார் 1 லட்சம் லக்ஸ் ஒளி இருக்கும். அறையின் நடுவே சில நூறு லக்ஸ்தான். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை வெளிச்சமாகவே தோன்றும். இலைக்கு அது பட்டினி. வெப்பம் 10 டிகிரி கூடினால் செடியின் சுவாசச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்த இடத்தில் செலவையும் குறைக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத இடம் என்றால் குளிர்ச்சியாகவும், கதகதப்பான இடம் என்றால் சன்னலோரத்தில் நல்ல வெளிச்சத்திலும் வைக்க வேண்டும். 1684-க்கும் 1686-க்கும் இடையில் வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்காகக் கட்டிய மண்டபம் இதைச் சரியாகவே செய்தது. தெற்குப் பார்த்த பெரிய சன்னல்கள் வெளிச்சத்துக்கு, தடிமனான சுவர்கள் உறைபனியைத் தடுக்க. மரங்கள் தொட்டியோடு உள்ளே வந்து, குளிர்காலம் முழுவதும் குளிர்ச்சியான வெளிச்சத்தில் ஓய்வெடுத்தன.

தண்ணீரில்தான் மிகவும் கவனம் வேண்டும். 5 டிகிரியில் தண்ணீரின் பிசுக்கு, அதாவது ஓட்டத்தை மந்தமாக்கும் தன்மை, 25 டிகிரியில் இருப்பதைவிட 1.7 மடங்கு. வேரின் செல்களும் குளிரில் தம் நீர்வழிகளைச் சுருக்கிக்கொள்கின்றன. அதனால் ஈரமான குளிர்ந்த மண்ணில் நிற்கிற செடி தண்ணீர் எடுக்க முடியாமல் வாடும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினால், வேர் காற்றில்லாமல் அழுகும். கறிவேப்பிலைச் செடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்பது இயல்பு. தொட்டிக்குள் விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். கொழுந்து கிளம்பும்வரை உரமும் வேண்டாம்.

வசந்தம் வந்ததும் நேரே வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டாம். அறைக்குள் விரிந்த இலைகள் மெல்லியவை, வெயில் தாங்கும் நிறமிகள் அவற்றில் குறைவு. ஒரே நாள் உச்சிவெயிலில் வெள்ளை வெள்ளையாகக் கருகிவிடும். இரவு 12 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு, முதல் வாரம் முழு நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும் என்று படிப்படியாக நகர்த்துங்கள். அப்படியும் சில இலைகள் கருகினால் உடனே கிள்ளி எறிய வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சை கொஞ்சம் சர்க்கரை தந்துகொண்டிருக்கும். வெயிலில் பிறந்த புது இலைகள் மூன்று நான்கு விரிந்த பிறகு கழித்துக்கொள்ளலாம்.