‘கிரெடென்ஷியல்’: நற்சான்றிதழா, அணுகல் சான்றா?

‘கிளவுட்’ எனப்படும் மேகச் சேமிப்பகத்தில் கணக்குத் திறந்து, கோப்புகளைத் தானாக ஏற்றும் நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் ‘கிரெடென்ஷியல்’. தமிழில் இதை ‘நற்சான்றிதழ்’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அகராதியைத் திறந்து பார்த்தால் தப்பில்லைதான். ஆனால் இந்த இடத்தில் அது ஆளைக் குழப்பிவிடும் என்பது என் எண்ணம்.

லத்தீனில் ‘கிரெதெரே’ என்றால் நம்புதல். ‘கிரெடிட்’ என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். நம்பித்தானே கடன் கொடுக்கிறார்கள். ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டுக்குப் போகும்போது தம் நாட்டுத் தலைவரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார். “எங்கள் சார்பில் இவர் சொல்வதையெல்லாம் நம்புங்கள்” என்பதுதான் அதன் சாரம். அந்தக் கடிதத்தின் பெயரே கிரெடென்ஷியல். அதை நாலு பேர் பார்க்க, படம் எடுக்க, விழாவாகவே கொடுப்பார்கள். அங்கே நற்சான்றிதழ் என்பது சரியாகப் பொருந்துகிறது.

கணினிக்குள் வந்ததும் கதை தலைகீழாகிறது. இங்கே கிரெடென்ஷியல் என்பது பெரும்பாலும் இரண்டு எழுத்து வரிசைகள். ஒன்று ‘நான் இன்னார்’ என்று சொல்லும் அடையாளம். மற்றொன்று அதை மெய்ப்பிக்கும் இரகசியம். 2006-இல் வந்த அமேசான் எஸ்3 சேமிப்பகத்தை எடுத்துக்கொண்டால், அங்கே ‘அணுகல் சாவி’ என்பதுதான் கிரெடென்ஷியல்; அதன் அடையாளம் 20 எழுத்து, இரகசியப் பகுதி 40 எழுத்து. இந்த இரண்டும் யார் கையில் இருந்தாலும் சேவையகம் நம்பிவிடும். தூதரின் முகத்தைப் பார்க்கும் வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. அதனால் விழா எடுத்துக் காட்டவேண்டிய பொருளின் பெயரை, யார் கண்ணிலும் படாமல் பூட்டிவைக்கவேண்டிய பொருளுக்கு வைத்திருக்கிறோம். சான்றிதழ் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தளங்கள் தம் அடையாளத்தைக் காட்டப் பயன்படுத்தும் ‘சர்ட்டிஃபிகேட்’டுக்கும் தமிழில் சான்றிதழ் என்றே பெயர். அது எல்லாருக்கும் காட்டுவதற்கென்றே இருப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், எதைக் காட்டலாம், எதை மறைக்கவேண்டும் என்று புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்?

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘சான்று’ நல்ல சொல். நிறைதல், போதியதாதல் என்ற பொருளுள்ள ‘சால்’ என்பதிலிருந்து வந்தது. ‘சான்றோர்’ என்பதும் அதே குடும்பம். ஒன்றை மெய்யென்று ஏற்கப் போதுமானது எதுவோ அது சான்று. ‘நல்’ என்ற முன்னொட்டு நடத்தையைப் பற்றியது. இங்கே அதற்கு வேலையில்லை. ‘அக்சஸ்’ என்பதற்கு ‘அணுகல்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. லத்தீன் வேரிலும் அது ‘பக்கத்தில் செல்லுதல்’தான் என்பதால் அச்சாகப் பொருந்துகிறது. எனவே என் தேர்வு ‘அணுகல் சான்று’. மனிதர் உள்நுழையும் இடத்தில் ‘உள்நுழைவு விவரம்’ என்று எளிமையாகச் சொன்னாலும் போதும். ‘கீ’ என்பதற்கு ‘திறவுகோல்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘சாவி’ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்றாலும் எல்லார் வாயிலும் ஊறிப்போன சொல், அதை விரட்டவேண்டியதில்லை.

சொல் சரியானால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. அணுகல் சான்றை உருவாக்கும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும். கணக்கின் தலைமைப் பயனர் பெயரில் சாவி எடுக்கக் கூடாது. அந்த நிரலுக்கென்று தனிப் பயனரையோ ‘ரோல்’ எனப்படும் பொறுப்பையோ உருவாக்கி, அதற்குத் தேவையான ஒரே சேமிப்புத் தொட்டிக்கு (கோப்புகளை வைக்கும் ‘பக்கெட்’) மட்டும் அனுமதி கொடுக்கவேண்டும். இரகசியப் பகுதியை அமேசானில் ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள். நான் ஒருமுறை நகலெடுக்காமல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்க நேர்ந்தது. எரிச்சலாக இருந்தாலும் நல்ல ஏற்பாடு அது.

அப்புறம், சாவியை நிரலுக்குள் எழுதவே கூடாது. நிரலைச் சேமித்துவைக்கும் களஞ்சியம் தனிப்பட்டதுதானே என்ற சமாதானம் உதவாது. 2016-இல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட களஞ்சியத்துக்குள், நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில், நுழைந்தவர்கள், அங்கே கிடந்த அமேசான் சாவியைக் கொண்டே 5 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். சாவிக்குரிய இடம் இரகசியக் காப்பகச் சேவை. அது இல்லாவிட்டால் நிரலுக்கு வெளியே சூழல் மாறியாகவாவது (நிரல் ஓடும்போது கணினியிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மதிப்பு) வையுங்கள். நிரலின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்துவைக்கும் ‘கிட்’டில் தப்பித்தவறிச் சாவியை ஏற்றிவிட்டால், அந்த வரியை அழிப்பதால் பயனில்லை. பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். முதலில் சாவியைச் செல்லாததாக்கவேண்டும், சுத்தம் செய்வதெல்லாம் பிறகு. ‘ரிவோக்’ என்பதற்குத் ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதுகிறார்கள். கசிந்ததை யாரிடமிருந்து திரும்பப் பெறுவது? ‘செல்லாததாக்கு’ என்பதே நடப்பதைச் சொல்கிறது.

பழைய சாவிக்குப் பதில் புதியதை வைக்கும் ‘ரொட்டேஷன்’ என்பதற்குச் ‘சுழற்சி’ என்பதும் இப்படித்தான். சுழல்வது மறுபடி அதே இடத்துக்கு வரும். பழைய சாவி மறுபடி வரவே கூடாது. ‘சாவி மாற்றம்’ போதும். அமேசானில் ஒரு பயனருக்கு ஒரே நேரத்தில் இரண்டு சாவிகள் வரை வைத்துக்கொள்ளலாம்; மைக்ரோசாஃப்ட் அஷூர் சேமிப்பகமும் இரண்டு தருகிறது. புதியதை நிரலில் பொருத்தி, வேலை நடக்கிறதா என்று பார்த்து, பிறகு பழையதை முடக்குவதற்குத்தான் அந்த இரண்டாவது. தூதரக வழக்கமும் இதேதான்: புதிய தூதர் தம் கடிதத்தோடு, முன்பிருந்தவரைத் திரும்ப அழைத்துக்கொண்டதற்கான கடிதத்தையும் சேர்த்தே கொடுப்பார்.