வசனம் எழுதப்படாத நிகழ்ச்சிக்கும் கதை உண்டு

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொகுப்பவன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "இதெல்லாம் நிஜமா, ஸ்கிரிப்டா?" இரண்டில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத கேள்வி இது. ரியாலிட்டி நிகழ்ச்சியில் வருகிற மனிதர்கள் நிஜமானவர்கள். அவர்கள் விடும் கண்ணீரும் பெரும்பாலும் நிஜந்தான். ஆனால் அவர்களை அழவைக்கும் சூழல் திட்டமிட்டு அமைக்கப்படுகிறது. அந்த அழுகைக்கான கதையோ, படப்பிடிப்பு முடிந்தபின் எடிட் அறையில் உருவாகிறது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்ததையே ரியாலிட்டி என்று நான் வகைப்படுத்துவேன்.

இதன் முன்னோடியாகப் பலர் குறிப்பிடும் 'அன் அமெரிக்கன் ஃபேமிலி' 1973இல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வெளியானது. கலிஃபோர்னியாவின் லவுட் குடும்பத்தை ஏழு மாதங்கள் பின்தொடர்ந்து, ஏறத்தாழ 300 மணி நேரம் படம்பிடித்து, அதை 12 பகுதிகளாகச் சுருக்கினார்கள். கணவனும் மனைவியும் பிரிந்ததுகூட அதில் பதிவானது. தொகுப்பு தங்களைத் திரித்துக் காட்டிவிட்டதாக அக்குடும்பத்தினர் பின்னர் வெளிப்படையாகவே வருந்தினர். அங்கே தேர்வு இருந்ததே தவிர, சூழலை யாரும் கட்டியமைக்கவில்லை என்பதால், அதை ஆவணப்படத்தின் பக்கமே வைப்பேன். 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' அந்த எல்லையைக் கடந்தது: பூட்டிய வீடு, எங்கும் கேமரா, டாஸ்க், நாமினேஷன், எலிமினேஷன். 2017இல் தமிழுக்கு வந்த 'பிக் பாஸ்' அதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். 24 மணி நேர நேரலையும் ஓடிடியில் வருகிறதே என்பார்கள். பல கேமராக்களில் எதைக் காட்டுவது, எந்த மைக்கைத் திறப்பது என்பதை நேரலையிலும் ஒருவர் தீர்மானித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

எடிட் டேபிளில் மிக எளிதாகக் கைக்கு வருவது, ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகபாவத்தைக் காட்டும் ரியாக்‌ஷன் ஷாட். காலையில் காபி வரத் தாமதமானதற்காக ஒரு பெண் முகம் சுளித்திருப்பார். அந்த இரண்டு விநாடியை, இரவில் இன்னொருவர் தம் தாயைப் பற்றிப் பேசும் இடத்தில் செருகினால், அந்தப் பெண் ஈவிரக்கமற்றவராகிவிடுவார். பின்னணியில் சோக இசை சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க விரும்புவோர் சட்டையின் பட்டன், காதணி, ஜன்னல் வெளிச்சம் ஆகியவற்றைக் கவனிக்கலாம். பேசுபவரின் முகம் மறைந்து குரல் மட்டும் தொடருமானால், அந்த வாக்கியம் வெவ்வேறு நேரங்களில் சொல்லப்பட்ட துண்டுகளின் ஒட்டாகவும் இருக்கக்கூடும். தனியாக அமர்ந்து பேசும் பேட்டிகளில் கேள்வியை நீக்கிவிடுவது வழக்கம் என்பதால், "அவர்மேல் கோபமா?" என்று தூண்டிக் கேட்டதற்குக் கிடைத்த பதில், தானாகக் கொட்டிய வன்மமாகத் தெரியும். இவற்றையெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவற்றை மட்டும் வைத்து ஒருவரின் குணத்தை அளந்து, அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் வசைபாடுவது அநியாயம்.

பங்கேற்பவர் படும் பாதிப்பை ஒழுங்குமுறை அமைப்புகள் தாமதமாகவே கவனித்தன. பிரிட்டனில் ஒரு பங்கேற்பாளரின் மரணத்தை அடுத்து 'தி ஜெரமி கைல் ஷோ' என்ற பேச்சு நிகழ்ச்சி 2019இல் நிறுத்தப்பட்டது. பங்கேற்பாளர் நலன் குறித்து அந்நாட்டின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்த விதிகள் 2021இல் நடைமுறைக்கு வந்தன. நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத அசைவுகளோடு காட்ட வேண்டாம் என்று நம் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் 2019இல் சேனல்களுக்கு அறிவுறுத்தியது.

பிள்ளையை ஆடிஷனுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒப்பந்தத்தில் படத்தொகுப்பு உரிமை பற்றிய பகுதியைக் கையெழுத்திடுமுன் படித்துவிடுங்கள். பதிவான எதையும் எந்த வரிசையிலும் பயன்படுத்தும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு வழங்குவதாகவே அது பெரும்பாலும் இருக்கும். பிள்ளை தோற்று அழும்போது கேமராவை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.