“எனக்கு நடக்காது” என்று நினைக்கும் விமானிகளுக்கு

எங்கேயாவது ஒரு சிறிய விமானம் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தால், அரை மணித்தியாலத்துக்குள் என் கைபேசி நிறைந்துவிடும். பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஆள் என்ன பிழை விட்டவர்?” பெற்றோல் அளவைப் பார்க்காமல் எழும்பினார், முகிலுக்குள் நுழைந்தார் என்று ஏதாவது ஒரு காரணம் வெளியே வரும். உடனே ஒரு பெருமூச்சு. நான் அப்படிச் செய்யமாட்டேனே, ஆகவே எனக்கு நடக்காது.

செத்த வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். “அவன்ர விதி முடிஞ்சுது, என்ன செய்யிறது?” என்பார்கள். விமானிகள் இறந்தவரின் தலையில் பிழையைப் போடுகிறார்கள், உறவினர்கள் தலையெழுத்தில் போடுகிறார்கள். இரண்டிலும், உயிரோடு இருக்கிற நாம் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானை விமான நிலையத்தில் பறப்புப் பயிற்றுநராக இத்தனை வருடம் இருந்த பிறகு, காற்று, மழை, எஞ்சின் எல்லாவற்றையும்விட இந்தப் பெருமூச்சுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

கொழும்புக் காலி வீதியில் வாகனம் ஓட்டும் பத்துப் பேரை நிறுத்தி, “நீங்கள் எப்படி வாகனம் ஓட்டுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் மற்றவர்களைவிட நன்றாகத்தான் ஓட்டுவார்கள். 1981இல் ஸ்வீடன் உளவியலாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் 93 வீதமானோர் ஓட்டும் திறமையில் தாங்கள் மேல் பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். மேல் பாதியில் 50 வீதத்துக்குத்தான் இடம் இருக்கிறது. விமானிகள் மட்டும் இதற்கு விலக்கு என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

என் கதையையே சொல்கிறேன். அப்போது பறந்த நேரத்தைப் பதியும் என் லொக்புக்கில் ஏறக்குறைய 300 மணித்தியாலங்கள். ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை. நண்பன் ஒருவனை ஏற்றிக்கொண்டு காலையில் ரத்மலானையிலிருந்து தெற்கே கொக்கலைக்குப் போய், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணிக்குத் திரும்ப எழும்பினோம். ஒக்டோபர் பின்னேரத்தில் இடிமழை வரும் என்பது தெரியாத ஆள் இந்தத் தீவில் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் விமானத்தை ஐந்து மணிக்கு ஒப்படைக்கவேண்டும், நண்பனுக்கு இரவு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு.

காலி, ஹிக்கடுவை, அம்பலாங்கொடை வரை நல்ல வெயில். பெந்தோட்டையில் வலப்பக்கம், தரைப்பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. மழை கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சரி, கடல் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கிப் போவோம் என்று இடப்பக்கம் திரும்பினேன். முகில் இறங்கியது, அதோடு நானும் இறங்கினேன். 1,500 அடியிலிருந்து 1,000. பிறகு 700. பேருவளை வெளிச்ச வீடு கடந்து போனது. தெளிவான நாளில் அங்கிருந்தே களுத்துறையின் வெள்ளைத் தாதுகோபம் தெரியும். அன்று தெரியவில்லை. கரையோர ரயில் பாதை வலது இறக்கைக்குக் கீழே விட்டுவிட்டுத் தெரிந்தது. முன்னால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது முடிந்து எது தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

“மச்சான், எல்லாம் ஓகேயா?” என்றான் நண்பன்.

“ஓமடா, இது சும்மா” என்றேன். பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. உயரமானியில் 500.

பாணந்துறைக்குக் கிட்ட மழை மெலிந்தது. மொரட்டுவைக் கூரைகள் தெரிந்தன. கடல் பக்கமிருந்து காலி வீதிக்கு மேலால் வந்து ரத்மலானையின் 04 என்ற ஓடுபாதையில் இறங்கினேன். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாத இறக்கம். விமானத்தைக் கட்டும் இடத்தில் நின்ற மூத்த விமானி ஒருவர் தோளில் தட்டி, “கெட்டிக்காரன், இந்த மழைக்குள்ளால கொண்டு வந்திட்டாய்” என்றார். நண்பன் கலியாண வீட்டில் இந்தக் கதையை ஐந்து பேருக்காவது சொல்லியிருப்பான். நான் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இதில் இன்றுவரை என்னை உறுத்துவது அவர் தோளில் தட்டியதுதான். கருவிகளை நம்பாமல் வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு 5 கிலோமீற்றர் பார்வைத் தூரம் வேண்டும் என்பது சர்வதேச விதி. எனக்கு அதில் பாதிகூட இருக்கவில்லை. எனக்குப் பின்னால் காலிப் பக்கம் முழுக்க வெயில். பெந்தோட்டையில் திரும்பியிருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் கொக்கலையில் இறங்கி, பிளேன்ரீ குடித்துக்கொண்டு மழையைப் பார்த்திருக்கலாம். அன்று எங்களைக் காப்பாற்றியது, மழை பாணந்துறையில் கொஞ்சம் பின்தங்கி நின்றதுதான். அதை நான் என் திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் முன்பு திரும்பியிருக்கக்கூடிய வானிலையில் இரண்டு தடவையாவது தொடர்ந்து போயிருக்கிறேன், “அன்று அதற்குள்ளாலேயே வந்தவன்தானே” என்று.

அந்தச் சாம்பல் நிறம் இன்னும் ஒரு நிமிடம் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம் அல்ல. 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை எடுத்து, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. காரணம் நம் உட்காது. மெதுவாகத் தொடங்கும் திருப்பத்தை அது உணராது. கொஞ்ச நேரம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், நேராகப் போகிறோம் என்றே சொல்லும். அந்த நேரத்தில் விமானத்தை உண்மையாகவே நேராக்கினால் மறுபக்கம் சாய்வதுபோலத் தோன்றும், கை தானாகவே பழைய சாய்வுக்குத் திரும்பப் போகும். இதில் துணிச்சல்காரன், பயந்தவன் என்று வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் ஒரே காதுதான். அதே ஆய்வில் இன்னொரு விடயமும் உண்டு. கருவியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திரும்பி வந்த வழியே போவது எப்படி என்று பிறகு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிறகு ஏறக்குறைய எல்லோராலும் அது முடிந்தது. என் மாணவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் செய்விப்பது இதனால்தான்.

1999 ஜூலை 16 இரவு, ஜோன் எஃப். கென்னடியின் மகன் தன் மனைவியையும் அவருடைய சகோதரியையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலால் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் பறந்தார். மங்கலான மூட்டம் சூழ்ந்த இரவு. மூவரும் இறந்தார்கள். கீழ் மேல் தெரியாமல் போனதே காரணம் என்றது விசாரணை. அவருடைய பறப்பு அனுபவம் ஏறக்குறைய 310 மணித்தியாலம். அந்த எண்ணை முதன்முதலில் வாசித்தபோது என் லொக்புக்கை எடுத்து, கொக்கலைப் பயணம் எழுதிய பக்கத்தைப் பார்த்தேன்.

பயம் இல்லாதவர்களைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆபத்தான மனநிலைகள் என்று ஐந்தைப் பட்டியலிட்டிருக்கிறது; அதைப் பல நாடுகளிலும் கற்பிக்கிறார்கள். பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள், ஆனால் தன் வாயிலிருந்து அது வரும்போது அடையாளம் தெரியாது. ஏனென்றால் அது நம் வீட்டுப் பேச்சாக வரும். “இதென்ன பெரிய விசயம்”, “ஒண்டும் நடக்காது”, “அந்தச் சட்டமெல்லாம் புதுசா வந்த ஆக்களுக்கு”, “கெதியா வெளிக்கிடுவம்”. கடைசியாக, “வாறது வரட்டும்”. இவற்றில் ஒன்றைச் சொல்லாத விமானியை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

“ஒண்டும் நடக்காது” என்பதற்குக் கொழும்பிலேயே ஓர் உதாரணம், கார்புரேட்டர் பனி: எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்குள் பிடிக்கும் ஐஸ். “30 பாகை வெயிலில் ஐஸா, சேர்?” என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். கார்புரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கிய இடத்தால் போகும்போதும் வெப்பநிலை 30 பாகைக்கும் அதிகமாகக் குறையலாம். நம் காற்றிலோ எப்போதும் ஈரம். மழை பெய்து ஓய்ந்த காலையில் போல்கொடை ஏரிக்கு மேலால் த்ரொட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைத்து இறங்கி வருவதைப்போலப் பனி பிடிக்க நல்ல நேரம் கிடையாது. செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் முதல் அடையாளம், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஐம்பது, நூறு என்று சத்தமில்லாமல் கீழே வருவது. பலர் அதைப் பார்த்து த்ரொட்டிலைக் கொஞ்சம் கூட்டுவார்கள். முள் பழைய இடத்துக்கு வரும், பனி வளர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே இன்னொரு பொறி. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் லீவரான கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தவுடன் உருகிய நீர் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் குலுங்கும், இருமும், முன்பைவிட மோசமாகும். பயந்து லீவரைத் திரும்பத் தள்ளிவிடுவார்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அந்தக் குலுக்கலைப் பொறுத்துக்கொண்டிருந்தால் எஞ்சின் தெளிந்துவிடும். ஒருநாள் அனுபவமுள்ள ஒருவரோடு மீள்பயிற்சிக்குப் போனபோது இது நடந்தது. அவர் கை லீவருக்குப் போனது. நான் என் கையை அவர் கைக்கு மேல் வைத்து, “பொறுங்கோ” என்றேன். கீழே அத்திடியாச் சதுப்பு, நாணல், கொக்குகள். எஞ்சின் தெளிய எடுத்த நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிய பிறகு அவர், “இத்தனை வருடத்தில் எனக்கு ஒருநாளும் வரவில்லையே” என்றார். வந்திருக்கும், தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெரிய விமானங்களில் வேலை செய்யும் கப்டன்மார் விடுமுறையில் சின்ன விமானம் எடுக்க வரும்போதும் எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். ஆனைக்கும் அடி சறுக்கும். அங்கே பக்கத்தில் இன்னொரு விமானி இருப்பார், முன்னால் வானிலை ரேடார் இருக்கும், புறப்படுவதற்கு முன் கணக்குப் பார்க்க ஆட்கள் இருப்பார்கள். அவரைப் பாதுகாத்த பாதி அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்தது பழக்கம் விட்டுப்போவது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவிய பிறகு, மாதம் மூன்று தடவை வந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள். அதில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் வந்தவுடன், நடுவில் இடைவெளியே இல்லாததுபோல மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எழும்பப் பார்ப்பதை நான் தடுக்கத்தான் செய்கிறேன். முதலில் தனியாகவோ பயிற்றுநரோடோ மூன்று தடவை எழும்பி இறங்குங்கள். அந்தக் காசு மிச்சம் பிடிக்கிற காசு இல்லை.

கூட ஏறுபவர்களால் வரும் நெருக்குதலைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. லண்டனிலிருந்து சித்தப்பா வருவார், ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. சித்தி கமராவோடு நிற்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் முன்னால் “இன்றைக்குப் பறக்கமாட்டேன்” என்று சொல்வதற்கு வேண்டிய துணிவு பறப்பதற்கு வேண்டாம். ஆகவே என் ஆட்களுக்கு நான் சொல்வது: முதல் நாள் இரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், “நாளைக்குப் பறப்பம், இல்லாட்டி கல்கிசையில கடற்கரையில சாப்பிடுவம், காலையிலதான் தெரியும்” என்று. அப்போது காலையில் நீங்கள் எதையும் பறிப்பதாக இருக்காது. அப்புறம், எல்லைகளை வீட்டில், நிதானமாக இருக்கும்போது எழுதி லொக்புக்கின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். என்னுடையதில் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பகல் ஒரு மணிக்குள் சக்கரம் தரையில் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. பெந்தோட்டைக்குப் பிறகு எழுதியது.

போன ஏப்ரலில் என்னிடம் படித்த தம்பி ஒருவர், கனடாவிலிருந்து வந்த மாமாவை ஏற்றிக்கொண்டு காலை 11 மணிக்கு எழும்பினார். போல்கொடைக்கு மேல் போனதும், ஹொரணைப் பக்கம் முகில் ஒன்று பூக்கோவாபோல வேகமாக மேலே ஏறுவதைக் கண்டிருக்கிறார். டவரை அழைத்து, இறங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எழும்பி இறங்கியது 24 நிமிடம். மாமாவின் முகம் சரியில்லை. “இதுக்குத்தானா இவ்வளவு தூரம் வந்தது?” என்று கேட்டாராம்.

பின்னேரம் நாலு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. “சேர், மழை வரவே இல்லை.”

“இறங்குவம் எண்டு நினைக்கேக்க உமக்கு என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“முகில் ஏறினது தெரிஞ்சுது.”

“மழை வராது எண்டு தெரிஞ்சுதோ?”

“இல்லை, சேர்.”

அடுத்த சனிக்கிழமை அவருடைய லொக்புக்கை வாங்கிப் பார்த்தேன். 0.4 மணி. குறிப்பு எழுதும் இடத்தில் “வானிலை. திரும்பினேன்” என்று மிகச் சிறிய எழுத்தில், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருந்தார். பயிற்றுநர் இல்லாமல் பறந்த பறப்புக்கு என் கையொப்பம் தேவையில்லை. பேனையை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் போட்டுக்கொடுத்தேன்.