மூளையின் கொழுப்புக் கணக்கு

1906 நவம்பரில், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர்கள் மாநாட்டில் அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசினார். பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் 51 வயதில் சேர்க்கப்பட்ட பெண்மணி அவர். கணவர் மேல் காரணமில்லாத சந்தேகத்தில் ஆரம்பித்து, சொந்தப் பெயரைக்கூட எழுதி முடிக்க முடியாத நிலைக்குப் போய், அந்த ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். பின்னாளில் அல்சைமர் என்றே பெயர்பெற்ற மறதிநோய் அது. அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்புச் செல்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள் தெரிந்தன. செல்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் படிந்து கிடந்தது. இழைகள் டௌ என்ற புரதம், படிவுகள் அமிலாய்டு என்பதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்த சங்கதிகள்.

மறு ஆண்டு அச்சில் வந்த அல்சைமரின் சிறு கட்டுரையில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் பலவற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருந்ததாக ஒரு வரி. முதல் இரண்டையும் பற்றி நூலகமே நிரம்பும் அளவுக்கு எழுதிவிட்டார்கள். மூன்றாவதை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் அந்த வரிக்கு மவுசு வந்திருக்கிறது.

மூளை கொழுப்பு நிறைந்த உறுப்பு. தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சும் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு வகையறா. உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம். உடலிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் அதன் பங்கோ 20 முதல் 25 சதவீதம். அதில் பெரும்பகுதி, அதாவது முக்கால்வாசி போல, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மைலின் உறையில் இருக்கிறது. மீதி, மூளைச் செல்களின் சவ்வுகளில்.

இவ்வளவும் ரத்தத்திலிருந்து போனதல்ல. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் நெருக்கமாக அடைபட்டவை. எல்டிஎல், எச்டிஎல் என்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களுக்கு அங்கே வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பில் இருந்த கொலஸ்ட்ராலும், காலையில் சாப்பிட்ட முட்டையின் மஞ்சள் கருவும் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பாதி மாறச் சில நாட்கள் போதும். வயதுவந்தவர் மூளையில் அதே பாதி மாற ஐந்து ஆண்டுகளாவது ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தயாரிப்பவை பெரும்பாலும் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், அல்ல. வளரும் பருவத்தில் அவை தாமே செய்துகொள்கின்றன. அப்புறம் அந்த வேலையை ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவ கிளியா செல்களிடம் விட்டுவிடுகின்றன. கொலஸ்ட்ராலைச் செய்ய இருபதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகள் உண்டு, மொத்தத்தில் நிறைய ஆற்றல் செலவு. ஓயாமல் மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும் நியூரானுக்கு அது கட்டுப்படியாகாது.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 2001இல் வெளியானது. ஜெர்மனியில் பிராங்க் ப்ஃப்ரீகர் குழுவினர் எலியின் விழித்திரை நியூரான்களைத் தனியாக, கிளியா செல்களே இல்லாமல் வளர்த்தார்கள். செல்கள் உயிரோடு இருந்தன, கிளைவிட்டன. ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சினாப்ஸ் இணைப்புகள் மிகக் குறைவு. கிளியா செல்கள் வளர்ந்த திரவத்தை ஊற்றியதும் இணைப்புகள் பெருகின. அந்தத் திரவத்தில் இருந்த மாயப்பொருள் என்ன என்று சலித்துச் சலித்துத் தேடியபோது கடைசியில் கையில் சிக்கியது ஏதோ புதிய ஹார்மோன் அல்ல, சாதாரணக் கொலஸ்ட்ரால். ஏபோ-இ என்ற புரதத்தின் மேல் ஏற்றப்பட்டு அது வந்துகொண்டிருந்தது. இந்த ஏபோ-இ நம் கதையில் பின்னால் பெரிய ஆளாக வரும்.

சரி, கொலஸ்ட்ராலுக்குச் சவ்வில் என்ன வேலை? செல்சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். வால் போன்ற நீண்ட சங்கிலிகள் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள், வாலை உள்ளே வைத்து இரண்டு வரிசையாக நின்றால் அதுதான் சவ்வு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிறது, சித்திரையில் தண்ணீராக ஓடுகிறது இல்லையா? வெறும் கொழுப்பு மட்டும் இருந்தால் சவ்வுக்கும் இந்தக் கதிதான். கொலஸ்ட்ரால் நான்கு வளையங்கள் கொண்ட, தட்டையான, விறைப்பான மூலக்கூறு. வால்களுக்கு நடுவே அது போய் நின்றுகொண்டால், அவை இறுக அடுக்கி உறைவதும் நடக்காது, கட்டுக்கடங்காமல் நெளிவதும் நடக்காது.

சவ்வு முழுவதும் அது ஒரே சீராகப் பரவி நிற்பதும் இல்லை. சிலவகைக் கொழுப்புகளோடு சேர்ந்து திட்டுத்திட்டாகக் கூடுகிறது. 1997இல் கை சைமன்ஸும் எலினா இக்கோனனும் இந்தத் திட்டுகளுக்கு 'ராஃப்ட்' என்று பெயர் கொடுத்தார்கள். சாதாரண நுண்ணோக்கியில் அகப்படாத அளவுக்குச் சிறியவை, கணத்தில் கூடிக் கலைபவை. அதனால் இவை உண்மையில் எப்படி இருக்கும் என்பதில் சவ்வு ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. ஆனால் சில புரதங்கள் கொலஸ்ட்ரால் மிகுந்த இடங்களை நாடும், சில ஒதுங்கியே நிற்கும் என்பதில் பெரிய தகராறு இல்லை. அல்சைமர் விவகாரம் இங்கேதான் சூடுபிடிக்கிறது.

அமிலாய்டு வானத்திலிருந்து குதித்ததல்ல. ஏபிபி என்ற பெரிய புரதம் நியூரானின் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. உடலின் பெரும்பகுதி வெளியே, சிறு வால் உள்ளே. இதை வெட்ட இரண்டு வழிகள். ஆல்ஃபா என்ற நொதி வெட்டினால், பின்னாளில் அமிலாய்டாக வேண்டிய துண்டுக்கு நடுவிலேயே வெட்டு விழும். அதோடு ஆபத்து தீர்ந்தது. பீட்டா நொதி முந்திக்கொண்டு சற்றுத் தள்ளி வெட்டினால், சவ்வில் ஒரு கட்டை மிஞ்சும். அதை காமா நொதி, சவ்வின் உள்ளுக்குள்ளேயே வைத்து வெட்டும். புரதத்தை வெட்டத் தண்ணீர் வேண்டும். சவ்வின் நடுப்பகுதியோ தண்ணீரே அண்டாத இடம். அங்கே ஒரு நொதி வேலை செய்கிறது என்றபோது ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. வெட்டி விழுவது 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. இதில் 42தான் வம்பு பிடித்தது, சுலபத்தில் ஒட்டித் திரளும்.

பீட்டாவும் காமாவும் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகளில் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆல்ஃபா பெரும்பாலும் அதற்கு வெளியே. ஆக, ஏபிபி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்து யார் கையில் அகப்படும் என்பது முடிவாகிறது. 1998இல் மிக்கேல் சைமன்ஸ் குழு எலியின் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் நியூரான்களில் கொலஸ்ட்ராலை ஏறத்தாழ 70 சதவீதம் குறைத்துப் பார்த்தது. அமிலாய்டு உற்பத்தி கிட்டத்தட்ட நின்றேபோனது. 2012இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சாண்டர்ஸ் குழு, பீட்டா வெட்டியபின் மிஞ்சும் அந்தக் கட்டையில் கொலஸ்ட்ரால் வந்து அமர்வதற்கென்றே ஓர் இடம் இருப்பதைக் காட்டியது. 2021இல் ஸ்காட் ஹான்சன், ஹெதர் ஃபெரிஸ் ஆகியோரின் குழுக்கள் எலிகளின் ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் கொலஸ்ட்ரால் தயாரிப்பை முடக்கின. நியூரானைத் தொடவே இல்லை. அமிலாய்டு வெகுவாகக் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு, மூளையில் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் நோய் போய்விடும் என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அதே கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் சினாப்ஸே இல்லை என்பதை மேலே பார்த்தோம். அமிலாய்டு மட்டுமே நோயும் அல்ல. மூளை நிறைய அமிலாய்டை வைத்துக்கொண்டு தெளிவாக வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. பீட்டா நொதியை நேரடியாகத் தடுக்கும் வெருபெசெஸ்டாட் போன்ற மருந்துகள் அமிலாய்டைக் குறைத்தன, ஆனால் நோயாளிகளின் நினைவாற்றலைக் காப்பாற்றவில்லை. என் பார்வையில், மூளையில் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதைவிட, அது எங்கே தேங்கி நிற்கிறது, யார் அதைச் சுமந்து போகிறார்கள் என்பதே சரியான கேள்வி.

சுமப்பது ஏபோ-இ. 299 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் இ2, இ3, இ4 என்று மூன்று வகைகள் பரவலாக உண்டு. பெரும்பாலானோரிடம் இருப்பது இ3. இதில் 112ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும். இ4இல் அங்கே ஆர்ஜினின். வித்தியாசம் அவ்வளவுதான். 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழு இந்த இ4க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பைச் சொன்னபோது, கொழுப்பு சுமக்கும் புரதத்துக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று முகம் சுளித்தவர்கள் அதிகம். இன்றைக்கு, முதுமையில் வரும் அல்சைமருக்கு இதைவிட முக்கியமான பொதுவான மரபணுக் காரணி தெரியாது. இ4 மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து மூன்று மடங்கு போல, இரண்டு இருந்தால் எட்டு மடங்குக்கும் மேல். இந்த எண்கள் ஐரோப்பிய வம்சாவளியினருக்குப் பொருந்துபவை. நைஜீரியாவின் யோருபா மக்களிடம் இ4இன் தாக்கம் பலவீனமாகவே தெரிந்தது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த ஆய்வில் இ4 வகையே அமெரிக்க ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்தது, அல்சைமரும் குறைவு.

இ4 கொழுப்பை ஏற்றிச் செல்வதில் மந்தம். 2022இல் எம்ஐடியில் லீ-ஹுவே சாய் குழு, இறந்தவர்களின் மூளைத் திசுக்களைச் செல் செல்லாக ஆராய்ந்தது. இ4 இருந்தவர்களிடம், மைலினைச் சுற்றித் தரும் செல்களுக்குள்ளே கொலஸ்ட்ரால் குவிந்து கிடந்தது. சேரவேண்டிய உறையில் இல்லை. உறை மெலிந்திருந்தது. கொலஸ்ட்ராலை நகர்த்திவிடும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளைக் கொடுத்தபோது இ4 எலிகளின் மைலினும் தேறியது, கற்கும் திறனும் தேறியது. 2024இல் ஸ்டான்போர்டில் டோனி வைஸ்-கோரே குழு, இரண்டு இ4 பிரதிகள் உள்ள அல்சைமர் நோயாளிகளின் மைக்ரோகிளியா என்ற மூளைக் காவல் செல்களில் கொழுப்புத் துளிகள் நிறைந்திருப்பதைக் காட்டியது. அப்படிப்பட்ட செல்கள் வெளியிட்ட திரவத்தை நியூரான்கள் மேல் விட்டால், டௌ புரதம் கெடத் தொடங்கியது. 1907இன் அந்த ஒற்றை வரிக்கு விளக்கம் வர இத்தனை காலம் ஆனது.

கொலஸ்ட்ரால் தேங்கினால் மூளை என்ன ஆகும் என்பதற்குக் கொடூரமான சாட்சி, நீமன்-பிக் சி என்ற அரிய பரம்பரை நோய். செல்லின் கழிவுப் பைகளில் கொலஸ்ட்ரால் மாட்டிக்கொண்டு வெளியேறாது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கே நினைவும் நடையும் தடுமாறும். அவர்கள் மூளையிலும் டௌ முடிச்சுகள் தோன்றுகின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி உண்டு. கொலம்பியாவின் அந்தியோகியா மாநிலத்தில், நாற்பதுகளின் நடுவிலேயே அல்சைமர் தாக்கும் மரபணுப் பிழையைச் சுமக்கும் பெரிய குடும்பம் ஒன்று இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா பல பத்தாண்டுகள் இவர்களைப் பின்தொடர்ந்தார். அந்தப் பிழை இருந்தும் ஒரு பெண்ணுக்கு மட்டும் எழுபது வயதுவரை நோய் எட்டிப்பார்க்கவில்லை. 2019இல் காரணம் வெளியானது: அவருடைய ஏபோ-இ3 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் 'கிரைஸ்ட்சர்ச்' எனப்படும் அரிய மாற்றம். ஸ்கேனில் மூளை முழுக்க அமிலாய்டு, ஆனால் டௌ குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றம் ரத்தக் கொழுப்பை ஏற்றிவிடக்கூடியது. அவருக்கும் ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாகவே இருந்தது.

இந்தப் பின்னணியில், ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளின் கதை புரியும். 2000 வாக்கில் வந்த சில கணக்கெடுப்புகள் ஸ்டேட்டின் சாப்பிடுபவர்களிடம் மறதிநோய் வெகு குறைவு என்றன. பெரும் எதிர்பார்ப்பு. அப்புறம் முறையான சோதனைகள் வந்தன. 640 நோயாளிகளுக்குத் தினம் 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்த சோதனையின் முடிவு 2010இலும், 406 பேரிடம் நடந்த சிம்வாஸ்டாட்டின் சோதனையின் முடிவு 2011இலும் வெளியாயின. இரண்டிலும் ரத்தக் கொழுப்பு இறங்கியது, நோய் தன்பாட்டுக்கு முற்றியது. அதற்காக ரத்தக் கொழுப்புக்குச் சம்பந்தமே இல்லை என்றாகாது. நடுத்தர வயதில் எல்டிஎல் உயர்ந்திருப்பதை, மறதிநோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளின் பட்டியலில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சேர்த்தது. ரத்தக்குழாய்கள் கெடுவது ஒரு வழி. கொலஸ்ட்ரால் நுழைய முடியாத தடுப்பை அதன் ஆக்சிஜன் ஏறிய வடிவங்கள் கடந்துவிடுவது இன்னொரு வழி. ஆகவே இதயத்துக்கென்று எழுதிக்கொடுத்த ஸ்டேட்டினை, மூளைக்கு உதவவில்லையே என்று நிறுத்துவது முட்டாள்தனம்.

ஆக்சிஜன் ஏறிய வடிவம் என்றேனே, மூளையிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறும் முக்கிய வாசலும் அதுதான். நியூரானில் உள்ள சிஒய்பி46ஏ1 என்ற நொதி கொலஸ்ட்ராலில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துவிடும். அது தடுப்பைத் தாண்டி, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய்க் கழிந்துவிடும். இந்த நொதியை முடுக்கிவிட்டால் என்ன என்பது இப்போது சோதிக்கப்படும் யோசனைகளில் ஒன்று. அதற்குக் கிடைத்த மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: நம் அரசு மருத்துவமனைகளின் ஏஆர்டி மையங்களில் எச்ஐவி நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்த எஃபாவிரென்ஸ். வழக்கமான 600 மில்லிகிராமுக்கு மிகக் கீழே, சிறு அளவில் கொடுத்தால் அது இந்த நொதியைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் ஓஹாயோவில் இரினா பிகுலேவா குழு முதலில் எலிகளிலும், பிறகு ஆரம்பக்கட்ட அல்சைமர் நோயாளிகள் சிலரிடமும் இதைக் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அந்த ஆக்சிஜன் ஏறிய கொலஸ்ட்ரால் கூடியது, அதாவது மூளையிலிருந்து வெளியேற்றம் நடக்கிறது. மறதியைத் தடுக்குமா என்று தீர்ப்புச் சொல்ல விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள் போதாது. அதற்குப் பெரிய சோதனை வேண்டும்.