பனிக்கு அடியில் புல் எப்படிப் பிழைக்கிறது?

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் டோக்காச்சி பகுதி விவசாயிகள் குளிர்காலத்தில் ஒரு வினோதமான வேலை செய்கிறார்கள். உருளைக்கிழங்கு எடுத்த வயலில் பனி மூடியதும் டிராக்டரை இறக்கி அந்தப் பனியை ஒதுக்கித் தள்ளுவார்கள். மண் உறைந்தால்தான் அறுவடையில் தப்பிய கிழங்குகள் சாகும். இல்லையென்றால் அடுத்த பயிருக்கு நடுவே களையாக முளைத்துவிடும். அந்தக் கிழங்கைக் காப்பாற்றும் அதே பனிதான் மேய்ச்சல் நிலத்தில் புல்லையும் காப்பாற்றுகிறது.

புதுப் பனியில் சுமார் 90 சதவீதம் காற்றுதான். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும், ஓரடிப் பனிக்கு அடியில் மண்ணின் மேற்பரப்பு பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். இலை கருகினால் பரவாயில்லை. மண்ணோடு ஒட்டிய தூர் உயிரோடிருந்தால் புல் மறுபடி துளிர்க்கும். இலையுதிர்காலக் குளிரில் நன்கு பழகி உறுதிப்பட்ட திமோத்தி என்ற தீவனப் புல் மைனஸ் 20 டிகிரி வாக்கிலும் தாங்கும். பெரன்னியல் ரை என்ற இன்னொரு தீவனப் புல் அவ்வளவு தாங்காது.

சரி, பனி எவ்வளவு கிடக்கிறதோ அவ்வளவு நல்லதா? அதுதான் இல்லை. அடியில் ஒரே இருட்டு. ஒளிச்சேர்க்கை நின்றாலும் சுவாசம் நிற்பதில்லை. தூரில் சேர்த்துவைத்த ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து போன்ற சேமிப்பு மெல்லக் கரைகிறது. புல் இளைத்த நேரம் பார்த்து டைஃபுலா இஷிகாரியென்சிஸ் போன்ற பனிப் பூஞ்சைகள் வந்துவிடும். ஹொக்கைடோவின் இஷிகாரி பகுதியின் பெயரைத் தாங்கிய பூஞ்சை இது. பூஜ்ஜிய டிகிரியில், போட்டிக்கு வேறு நுண்ணுயிர்கள் அதிகம் இல்லாத ஈரத்தில், நிம்மதியாக வளரும். பனி உருகியதும் வெளுத்துப் படிந்த இலைகளை விலக்கிப் பார்த்தால் அந்தப் பூஞ்சையின் கடுகைவிடச் சிறிய கரும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். கோடை முழுக்க அப்படியே கிடந்து, குளிர் தொடங்கும்போது முளைப்பவை அவை.

இதைவிட மோசமானது பனிக்கட்டி. ஐஸ்லாந்திலும் வட நார்வேயிலும் நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, பனி உருகி, மறுபடி உறைந்தால் நிலத்தின் மேல் தடித்த பனிக்கட்டித் தகடு படிந்துவிடும். காற்று உள்ளே போகாது. ஆக்சிஜன் இல்லாமல் சுவாசிக்கும் புல்லைச் சுற்றி கார்பன் டை ஆக்சைடும் எத்தனாலும் தேங்கி, கடைசியில் தூரே செத்துப்போகும். திமோத்தி இதையும் பல வாரம் சமாளிக்கும். ரை புல் சீக்கிரமே மடியும். ஆக, குளிர்காலம் கொஞ்சம் வெதுவெதுப்பானால் புல்லுக்கு நிம்மதி என்று சொல்லிவிட முடியாது.

விவசாயி கையில் இருப்பது பெரும்பாலும் கடைசி அறுவடையின் தேதிதான். ஹொக்கைடோவில் அக்டோபர் தொடக்கம் முதல் நடுப்பகுதி வரை புல்லை வெட்ட வேண்டாம் என்பார்கள். அப்போது வெட்டினால் புல் சேமிப்பைச் செலவழித்துத் துளிர்விடும். அதை ஈடுகட்டுவதற்குள் பனி விழுந்துவிடும்.