ஈரல் அனுப்பும் பார்சல்

வேறு எதற்கோ வயிற்றில் ஸ்கேன் எடுக்கப் போவோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று இருக்கும். “இது இப்ப எல்லாருக்கும் இருக்கு சார்” என்று யாராவது சொல்ல, அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விடும். எனக்கு இதுதான் கவலை. கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் ஈரல் கெட்டு இறப்பவர்களைவிட இதய நோயால் இறப்பவர்களே அதிகம்.

இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காதபோது, தொப்பையில் இருக்கும் கொழுப்பு ஓயாமல் கரைந்து ஈரலுக்கு வருகிறது. சோற்றிலும் சர்க்கரையிலும் குளிர்பானத்திலும் மிஞ்சுவதையும் ஈரல் கொழுப்பாக்குகிறது. எண்ணெயைத் தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு சேர்வது இப்படித்தான்.

சேர்ந்த சரக்கை ஈரல் ‘விஎல்டிஎல்’ என்ற நுண்ணிய பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும். சரக்கு கூடினால் பொட்டலங்களும் பெரிதாகும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும். அது மிக அதிகமானால், லேபில் ரத்தத்தைச் சுழற்றி எடுத்த சோதனைக் குழாயில் மேலே நிற்கும் இளமஞ்சள் நீர் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கலங்கியிருக்கும். இந்தப் பொட்டலங்கள் வழியில் மற்றத் துகள்களோடு கொழுப்பைக் கைமாற்றுகின்றன. அதில் நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கி அடைப்புக்கு வழிவகுக்கின்றன. ரிப்போர்ட்டில் எல்டிஎல் அளவு சரியாக இருக்கும்போதே இது நடக்கலாம்.

ஆபத்து பெரும்பாலும் இந்த ஏற்றுமதியில் இருக்கிறது என்பதற்கு ஒரு மரபணுவே சாட்சி. டிஎம்6எஸ்எஃப்2 மரபணுவில் ஒருவகை மாற்றம் உள்ளவர்களுக்குப் பொட்டலம் கட்டும் வேலை மந்தமாகிறது. கொழுப்பு ஈரலிலேயே தேங்கி ஈரலைப் புண்ணாக்குகிறது. ஆனால் ரத்தக் கொழுப்பு குறைவு, மாரடைப்பு ஆபத்தும் குறைவு. முதன்முதலில் படித்தபோது நான் அசந்துபோனேன்.

போதாக்குறைக்கு, வீங்கிய ஈரல் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் கூடுதலாகச் சுரக்கிறது. 2023-ல் மருத்துவச் சங்கங்கள் இந்த நோயின் பெயரிலேயே ‘வளர்சிதை மாற்றக் கோளாறு’ என்பதைச் சேர்த்துவிட்டன.

அதனால் அந்தத் தாளை வெளியே எடுங்கள். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி), ரத்தக் கொழுப்புகளைக் காட்டும் லிப்பிட் புரொஃபைல் மூன்றையும் பாருங்கள். ஈரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்புண்டா என்பதை வயது, இரண்டு ஈரல் நொதிகள், தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே மருத்துவர் கணித்துவிடுவார். எடை கூடியவர்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ.